குமரி மாவட்டக் கடைகளும் சமூக வலைதளமும்: உண்மையான ஆட்களைச் சேர்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்துச் சிறு கடைகளுக்கும், வீட்டிலிருந்தே தொழில் செய்கிறவர்களுக்கும் சமூக வலைதளப் பக்கங்களைப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. சிப்ஸ் கடை, தேன், கருப்பட்டி, பூ, தையல், மீன், தங்கும் விடுதி என்று யார் வந்தாலும் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பதில்களோடு அவற்றை இங்கே சேர்த்து வைக்கிறேன்.

எத்தனை பாலோயர் இருந்தால் வியாபாரம் நடக்கும்?

தொழிலைப் பொறுத்தது. தக்கலையில் தையல் கடை வைத்திருப்பவருக்கு, பஸ் ஏறி வந்து அளவு கொடுத்துவிட்டுப் போகக்கூடிய பெண்கள்தான் வாடிக்கை. அப்படிப்பட்ட ஐந்நூறு பேர் பக்கத்தைப் பார்த்து, ‘ப்ளவுஸுக்கு எவ்வளவு அக்கா, கிறிஸ்துமஸுக்கு முன்னாடி கிடைக்குமா’ என்று கேட்டால் அதுவே அந்தக் கடைக்குத் தாங்காது. பெங்களூருவில் ஐம்பதாயிரம் பேர் பார்த்து லைக் போட்டாலும் ஒரு ப்ளவுஸ்கூட வராது.

மார்த்தாண்டத்தில் தேன் விற்கிறவர் கணக்கு வேறு. அது கூரியரில் போகும் பொருள். சென்னையில் இருப்பவரும் வாங்குவார். துபாயிலும் மஸ்கட்டிலும் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள், ‘அம்மாவுக்கு இரண்டு கிலோ கொடுத்துவிடுங்க’ என்று அங்கிருந்தே பணம் அனுப்புவார்கள். ஆகவே ஆள் கடைக்கு வர வேண்டுமா, பொருள் ஆளிடம் போக வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். என்ன படம் எடுப்பது, எந்த மொழியில் எழுதுவது, விளம்பரத்தை எந்த ஊருக்குக் காட்டுவது என்பதெல்லாம் அதிலிருந்துதான் கிளம்பும்.

காசு கொடுத்து பாலோயர் வாங்கினால் என்ன? பத்தாயிரம் என்று காட்டினால் பார்க்கிறவர்களுக்கு ஒரு மதிப்பு வருமே?

வேண்டாம். இதை நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது வழக்கம்.

நீங்கள் ஒரு ரீல் போட்டால் ஆப் அதை எடுத்த எடுப்பில் எல்லோருக்கும் காட்டுவதில்லை. உங்களோடு தொடர்பில் இருக்கும் கொஞ்சம் பேருக்குக் காட்டி, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கிறது. நின்று பார்த்தால், இன்னொருவருக்கு அனுப்பினால், அதைவைத்து மேலும் பலருக்குக் கொண்டுபோகிறது. விலைக்கு வந்த கணக்குகளுக்குப் பின்னால் மனிதர்களே இல்லை. இருந்தாலும் அவர்களுக்குத் தமிழ் தெரியாது, நாகர்கோவிலும் தெரியாது. அவர்கள் பார்க்காமல் விடுவதால் உங்களுடைய உண்மையான வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய பதிவும் போகாமல் நின்றுவிடும். பிறகு விளம்பரத்துக்குப் பணம் கட்டி, ‘என் பாலோயர்களைப் போன்றவர்களுக்குக் காட்டு’ என்றால், அந்தப் போலிக் கூட்டத்தைப் போன்றவர்களைத் தேடிக்கொண்டு போகும். கட்டிய பணம் இரண்டு முறை வீண்.

இன்ஸ்டாகிராம் 2014 டிசம்பரில் போலிக் கணக்குகளை மொத்தமாக அழித்தபோது பல பிரபலங்களின் எண்ணிக்கை ஒரே நாளில் சரிந்தது. அந்தத் துடைப்பு இன்றும் அவ்வப்போது நடக்கிறது. அமெரிக்காவில் 2024-இல் போலி பாலோயர், போலி மதிப்புரை இரண்டையும் விற்பதற்கும் வாங்குவதற்கும் எதிராகத் தனி விதியே வந்தது. அதெல்லாம் இருக்கட்டும், நம் மாவட்டம் சின்னது. பத்தாயிரம் பாலோயரும் ஏழு லைக்கும் உள்ள பக்கத்தைக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள். ஊரில் பேச்சாகிவிடும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், பாலோயர் பட்டியலுக்குள் போய் சம்பந்தமில்லாத கணக்குகளை ஒவ்வொன்றாக நீக்கலாம். பக்கம் இன்னும் சின்னதாக இருந்தால் புதிதாக ஒன்று தொடங்குவது சுலபம்.

தினமும் பொருளின் படம்தான் போடுகிறோம். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வேறு என்ன போடுவது?

பொருள் எப்படி உண்டாகிறது என்பதைக் காட்டுங்கள். நமக்கு அன்றாடம் பழகிப்போனதால் அதில் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறோம்.

ஏத்தங்காய் சிப்ஸை எடுத்துக்கொள்வோம். பாக்கெட்டை மேசையில் வைத்து எடுத்த படத்தை யாரும் நின்று பார்க்கப்போவதில்லை. உருளியில் தேங்காய் எண்ணெய் காய்ந்து நிற்கிறது. மாஸ்டர் சீவுகோலை எண்ணெய்க்கு மேலேயே பிடித்துக் காயைச் சீவுகிறார். வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நேராக எண்ணெயில் விழுகின்றன. கொஞ்சம் வெந்ததும் உப்பு கரைத்த மஞ்சள் தண்ணீரை ஒரு கரண்டி எடுத்து அந்தக் கொதிக்கிற எண்ணெயிலேயே விடுகிறார். சடசடவென்று ஒரு சத்தம் எழும்பும். அந்தச் சத்தம் மெல்ல அடங்கி, கரண்டியால் கிளறும்போது சிப்ஸ் கலகலவென்று கேட்டால் எடுக்கலாம் என்று அர்த்தம். மாஸ்டர் பதத்தைக் காதால் பார்க்கிறார். இந்த முப்பது விநாடியைப் பாட்டு எதுவும் சேர்க்காமல், அந்தச் சத்தத்தோடு அப்படியே போடுங்கள். முதல் விநாடியிலேயே எண்ணெயில் வில்லை விழ வேண்டும். கடைப் பலகையில் தொடங்கினால் ஆள் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்.

ரீல் பரவுவதற்கு எது முக்கியம் என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆதம் மொசேரி 2025 தொடக்கத்தில் வெளிப்படையாகவே சொன்னார்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எவ்வளவு பேர் லைக் போடுகிறார்கள், எவ்வளவு பேர் மற்றவருக்கு அனுப்புகிறார்கள் என்ற மூன்றுதான் அவர் முதலில் வைத்தவை. மூன்றாவதைத்தான் நம் ஆட்கள் கவனிக்காமல் விடுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்கு, ‘நம்ம ஊரு சிப்ஸ் கடையாக்கும், பாரு’ என்று தங்கை அனுப்ப வேண்டும். யாருக்கு யார் அனுப்புவார்கள் என்று நினைத்துக்கொண்டு எடுத்தால் பாதி வேலை முடிந்தது.

இதே போல எல்லாத் தொழிலிலும் உண்டு. தோவாளை மாணிக்க மாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ப் பொருள் என்ற சட்ட அடையாளம், கிடைத்தது. அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்து மடித்துக் கட்டி, மணி பதித்ததுபோல் தட்டையாக வரும் அந்த மாலையை வாங்கியவர்கள் பலர், கட்டும் கையைப் பார்த்தவர்கள் சிலர்தான். மட்டிப் பழத்துக்கு 2023-இலேயே குறியீடு வந்துவிட்டது. ஆனாலும் மட்டிக்கும் பாளையங்கோட்டானுக்கும் என்ன வித்தியாசம் என்று தோல் உரித்துக் காட்டிய பழக்கடைப் பக்கம் ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

புதிது புதிதாகச் சொல்ல விஷயத்துக்கு எங்கே போவது?

வாடிக்கையாளர் கடையில் கேட்கும் கேள்வியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேன் கடையில் எல்லோரும் கேட்பது, ‘இது உறைஞ்சு போச்சே, சர்க்கரை கலந்ததா?’ என்பது. நம் பக்கத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டத்திலிருந்து வருகிறது. ரப்பர் மரம் இலை உதிர்த்துவிட்டுத் துளிர்க்கும் தை, மாசி சமயத்தில், பூவிலிருந்து என்பதைவிடத் துளிரின் காம்பில் ஊறும் இனிப்பிலிருந்துதான் தேனீ இந்தத் தேனை எடுக்கிறது. இந்தத் தேன் சீக்கிரம் உறையும் இயல்புடையது. இளஞ்சூட்டு வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். இதைத் தோட்டத்தில் நின்று, தேன்பெட்டியைத் திறந்து, துளிரைக் கையில் பிடித்துச் சொன்னால் அது ஒரு வீடியோ. அதே கேள்வி அடுத்த முறை வரும்போது இணைப்பை அனுப்பிவிடலாம். மார்த்தாண்டத்தில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம் தேனீ வளர்ப்பைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய கதை இன்னொரு வீடியோ.

பண்டிகை வாழ்த்து அட்டைகளைக் குறையுங்கள். கடைப் பெயர் போட்ட ஒரே மாதிரி அட்டை எல்லோரிடமிருந்தும் வருகிறது, யாரும் படிப்பதில்லை. அதற்குப் பதில் உபயோகமாக ஒன்று சொல்லுங்கள். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா விடுமுறையன்று கடை உண்டா, மண்டைக்காடு அம்மன் கோயில் கொடை சமயத்தில் எத்தனை மணிவரை திறந்திருக்கும், ஓணத்துக்குப் பூ வேண்டுமானால் எந்த நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று போட்டால் ஜனங்கள் அதைச் சேமித்து வைப்பார்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் சரக்கே இல்லை. அப்போது பக்கத்தை மூடி வைக்கலாமா?

மூட வேண்டாம். மற்ற மாவட்டத்துக்கு இல்லாத ஒன்று இங்கே உண்டு: இரண்டு கடலுக்கும் இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகளுக்குத்தான் தடை, வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போகிறவர்கள் பிடித்து வருவது உண்டு. திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் உங்கள் பக்கத்தைப் பார்ப்பவருக்கு இது தெரியாது. ‘இன்றைக்கு எந்தக் கரையில் என்ன மீன் வந்தது, வஞ்சிரம் ஏன் இந்த விலை’ என்று நேர்மையாகச் சொல்கிற மீன் கடையை மக்கள் நம்புவார்கள். ‘இன்று நல்ல மீன் இல்லை, நாளை பார்க்கலாம்’ என்று சொல்லும் பதிவு தரும் நம்பிக்கையைப் பத்து தள்ளுபடிப் பதிவுகள் தராது. வலை பின்னுவது, படகுக்கு வண்ணம் பூசுவது, கருவாடு காய்வது எல்லாம் அந்த மாதங்களில் காட்ட வேண்டியவை.

எந்த மொழியில் எழுதுவது?

தமிழில், நம் பேச்சுச் சாயலோடு. சென்னை விளம்பரக் குரலை வாடகைக்கு எடுத்துப் பேசினால் ஒட்டவில்லை. மரச்சீனியை மரச்சீனி என்றே சொல்லுங்கள், வெளியூர்க்காரருக்காக மரவள்ளிக்கிழங்கு என்று எழுத்தில் ஓட விடுங்கள். களியக்காவிளை, குழித்துறை பக்கம் கடை இருந்தால் விலையும் நேரமும் மலையாளத்திலும் ஒரு வரி இருப்பது நல்லது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பாறசாலைக்காரர்கள் வாங்க வருகிற இடம் அது.

விலையைப் பதிவில் போடலாமா? ‘இன்பாக்ஸில் வாருங்கள்’ என்றால் பேச்சு வளரும் என்கிறார்களே?

போடுங்கள். விலை கேட்கவே கூச்சப்படுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். ‘எவ்வளவு?’ என்று கேட்டவருக்கு ‘இன்பாக்ஸ் பாருங்க’ என்று பதில் வந்தால், ஆளுக்கொரு விலையோ என்ற சந்தேகம் வரும். சத்தமில்லாமல் போய்விடுவார். விலை அன்றாடம் மாறும் பொருளானால், பிச்சிப்பூ மாதிரி, ‘இன்று காலை தோவாளைப் பூச்சந்தை விலை’ என்று தேதியோடு போடுங்கள்.

பதில் சொல்வதுதான் இந்த வேலையிலேயே பெரிய வேலை. ரீலுக்கு அரை நாள் செலவழிக்கிறவர்கள் கமெண்டுக்கு இதயக்குறி ஒன்றைத் தட்டிவிட்டுப் போவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ‘அண்ணே, கருங்கலுக்கு அனுப்புவீங்களா?’ என்று ஒருவர் கேட்டால், ‘அனுப்புவோம் அக்கா, செவ்வாயும் வெள்ளியும் அந்தப் பக்கம் வண்டி வருது’ என்று எழுதுங்கள். அதே சந்தேகம் உள்ள இன்னும் இருபது பேர் அதைப் படித்துக்கொண்டிருப்பார்கள். தானாகப் பதில் அனுப்பும் வசதியை, கடை மூடிய நேரத்தைச் சொல்வதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஸ்டாவா, பேஸ்புக்கா, யூடியூபா, வாட்ஸ்அப்பா?

புது ஆட்கள் கண்ணில் படுவதற்கு இன்ஸ்டா ரீலும் யூடியூப் ஷார்ட்ஸும். ஒரு வீடியோவை எடுத்தால் இரண்டிலும் போடலாம். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள், வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள், ஊர்க் குழுக்கள் எல்லாம் இன்னும் பேஸ்புக்கில்தான். வந்தவரைத் தக்கவைக்க வாட்ஸ்அப். அதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்வரைதான் சேர்க்கலாம், அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். அதனால் பில் கொடுக்கும்போதே, ‘நம்பரைச் சேவ் பண்ணிக்கோங்க, புது சரக்கு வந்தா சொல்லுவோம்’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காமல் ஆட்களைக் குழுவில் இழுத்துப் போடாதீர்கள். ஒருவருடைய எண் முன்பின் தெரியாத எல்லோருக்கும் தெரிந்துவிடும், பெண்களுக்கு அது பெரிய தொந்தரவு. 2023-இல் வந்த சேனல் வசதியில் அந்தச் சிக்கல் இல்லை.

எந்த நேரத்தில், வாரத்துக்கு எத்தனை?

முடிந்த அளவு, ஆனால் விடாமல். வாரம் இரண்டு என்றால் இரண்டு. உங்கள் ஆட்கள் எப்போது பார்க்கிறார்கள் என்பதை உங்கள் கணக்கின் புள்ளிவிவரம் இருக்கும் இன்சைட்ஸ் பகுதியே காட்டும். யாரோ சொன்ன பொன்னான நேரத்தை நம்ப வேண்டாம்.

சினிமாப் பாட்டு சேர்க்கலாமா?

வணிகக் கணக்குக்குப் பெரும்பாலான சினிமாப் பாடல்கள் கிடைக்காததற்குக் காரணம் பதிப்புரிமை. சொந்தக் கணக்கிலிருந்து குறுக்குவழியில் சேர்த்தால் வீடியோ ஊமையாக்கப்படலாம். கடையின் சத்தமே போதும்.

‘மூன்று பேரை டேக் செய்தால் பரிசு’ என்று போட்டி வைக்கலாமா?

லைக் போடு, டேக் பண்ணு, ஷேர் பண்ணு என்று கெஞ்சும் பதிவுகளைக் கீழே தள்ளுவதாகப் பேஸ்புக் 2017-லேயே அறிவித்துவிட்டது. பரிசுக்காக வருகிறவர் பரிசு முடிந்ததும் போய்விடுவார். ஆசையாக இருந்தால் வாடிக்கையாளர்களுக்கே வையுங்கள்: ‘எங்கள் அச்சு முறுக்கை நீங்கள் எதோடு சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள்’ என்று கேட்டு, நல்ல பதிலுக்கு ஒரு பாக்கெட் அனுப்பலாம். வருகிற பதில்களே பத்து பதிவுக்கு ஆகும்.

உணவு வீடியோ போடும் பிள்ளைகளைக் கூப்பிட்டு விளம்பரம் செய்யலாமா?

செய்யலாம். எண்ணிக்கையைப் பார்க்காமல் அவர்களுடைய கமெண்ட்டைப் படியுங்கள். ‘கடை எங்கே, எத்தனை மணிக்கு?’ என்று உள்ளூர் ஆட்கள் கேட்டிருந்தால் நல்லது. வெறும் நெருப்புக்குறிகளாக இருந்தால் விட்டுவிடுங்கள். பணம் கொடுத்தாலும் இலவசமாகச் சாப்பாடு கொடுத்தாலும் அது விளம்பரம் என்று வீடியோவில் தெளிவாகச் சொல்ல வேண்டும்; மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் உண்டு. வீட்டில் பலகாரம் செய்து விற்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணைப் பக்கத்தின் மேலேயே போட்டுவையுங்கள். முந்திரிக்கொத்து வாங்க யோசிக்கும் புது ஆளுக்கு அது ஒரு தைரியம்.

கூகுளில் ஒருவர் மோசமாக எழுதிவிட்டார். என்ன செய்வது?

அன்றைக்கே பதில் எழுதுங்கள், கோபம் ஆறிய பிறகு. குறை உண்மையாக இருந்தால் ஒத்துக்கொண்டு, என்ன மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். பொய்யாக இருந்தால், ‘அந்தத் தேதியில் எங்களிடம் இப்படி ஒரு ஆர்டர் இல்லை, பில் இருந்தால் அனுப்புங்கள்’ என்று மரியாதையாக எழுதிவிட்டு, கூகுளிடம் புகார் செய்யுங்கள். சொந்தக்காரர்களை வைத்து ஐந்து நட்சத்திரம் போட வைப்பதும், மதிப்புரைக்குத் தள்ளுபடி தருவதும் கூகுள் விதிப்படியே தவறு. திருப்தியாகப் போகிறவரிடம் ‘நேரம் இருந்தா ரெண்டு வரி எழுதுங்க’ என்று கேட்பதில் தப்பில்லை.

கன்னியாகுமரியில் எங்களுக்கு வருவது சுற்றுலாக்காரர்கள். ஒருமுறை வந்து போகிறவர் எதற்கு எங்கள் பக்கத்தைப் பார்க்க வேண்டும்?

அவர் கிளம்புவதற்கு முன்னே பார்க்கிறார். அறை பதிவு செய்யும் முன், ‘சூரிய உதயம் எங்கிருந்து தெரியும், படகு வரிசை எவ்வளவு நேரம்?’ என்று தேடுகிறார். 2024 டிசம்பர் கடைசியில் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு அதைப் பற்றிய கேள்விகள் இன்னும் கூடிவிட்டன. காற்று பலமாக இருக்கும் நாளில் படகு நிற்கும். அதைக் காலையிலேயே சொல்லும் விடுதிப் பக்கத்தை அங்கே தங்காதவரும் தொடர்வார், அடுத்த முறை வந்து தங்குவார். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டத்துக்கு வண்டி எங்கே நிறுத்தலாம் என்று ஒரு வரைபடம் போடுங்கள். சித்ரா பௌர்ணமியன்று சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் ஒன்றாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஒரு மாதம் முன்பே விசாரிக்கத் தொடங்குவார்கள்.

பணம் கட்டி பூஸ்ட் செய்யலாமா?

தானாகவே நன்றாக ஓடிய பதிவுக்கு மட்டும். ஓடாததற்குப் பணம் கட்டித் தள்ளுவதில் பிரயோஜனம் இல்லை. தமிழ்நாடு முழுவதும் என்று வைக்காமல் தூரத்தைக் குறுக்குங்கள்: நாகர்கோவிலை நடுவாக வைத்து 20 கிலோமீட்டர் என்றால் தக்கலை உள்ளே வரும், மார்த்தாண்டம் வராது. மேற்குப் பக்கத்துக்குத் தனியாக ஒரு வட்டம் போடுங்கள்.

‘பதிப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் உங்கள் பக்கம் முடக்கப்படும்’ என்று ஒரு செய்தி இணைப்போடு வந்திருக்கிறது. அழுத்தலாமா?

அழுத்தாதீர்கள். பக்கம் கொஞ்சம் வளர்ந்ததும் எல்லோருக்கும் இது வரும். இணைப்புக்குள் போய்க் கடவுச்சொல்லைக் கொடுத்தால் பக்கம் கைமாறிவிடும். உங்கள் பெயரிலேயே வாடிக்கையாளரிடம் பணம் கேட்பார்கள். உண்மையான எச்சரிக்கை ஆப்புக்குள் கணக்கு நிலை என்ற இடத்திலேயே தெரியும். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பை இன்றைக்கே போட்டுவையுங்கள், பக்கத்தை நடத்தும் பையன் வேலையை விட்டுப் போனால் அவனுடைய அனுமதியை அன்றே நீக்குங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, போன பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. அப்புறம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் கடை வாசலிலும், ‘எங்கள் பக்கம் இப்போது எங்களிடம் இல்லை, யாரும் பணம் அனுப்ப வேண்டாம்’ என்று எழுதி வையுங்கள்.